வானத்தில் எதிரே வருவது யார்?

ரோட்டில் எதிரே லாரி வந்தால் டிரைவர் ஹாரன் அடிப்பார். வானத்தில் எதிரே விமானம் வந்தால்? பெரிய விமானங்களை, தரையில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் ரேடார் மூலம் கவனித்து வழி சொல்வார்கள். ஆனால், ஐந்தாறு பேர் போகும் குட்டி விமானங்கள் தாழ்வாகப் பறக்கும். மலைக்குப் பின்னால் போனால் ரேடாருக்குத் தெரியாது. விமானி தன் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் இது பெரிய பிரச்னை. அங்கே பல ஊர்களுக்குச் சாலையே கிடையாது. கடிதம் வருவதும், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும் குட்டி விமானத்தில்தான்!

இதற்குத் தீர்வு தேடி, 1999-ல் 'கேப்ஸ்டோன்' என்ற திட்டம் அங்கு தொடங்கியது. விமானங்களில் 'ஏ.டி.எஸ்.-பி' என்ற கருவியைப் பொருத்தினார்கள். இது செயற்கைக்கோள் உதவியால் தான் இருக்கும் இடத்தை அறிந்து, "நான் இங்கே இருக்கிறேன், இவ்வளவு உயரத்தில் பறக்கிறேன்" என்று நொடிக்கு ஒரு முறை ரேடியோவில் சொல்லும். பக்கத்து விமானங்களும் தரையில் உள்ள நிலையங்களும் அதைக் கேட்கும். 2000 முதல் 2004 வரை, கருவி பொருத்திய விமானங்களின் விபத்து விகிதம் 47 சதவீதம் குறைந்தது.

அப்படியானால் எல்லா இடத்திலும் நிலையங்கள் கட்டிவிடலாமே என்கிறீர்களா? அது அவ்வளவு சுலபமல்ல. இந்த ரேடியோ அலை நேர்கோட்டில் போகும், மலையைத் தாண்டாது. ஆகவே ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனி நிலையம் தேவைப்படலாம். சாலை இல்லாத மலைக்குத் தளவாடங்களை எப்படிக் கொண்டு போவது? பனியில் மின்சாரம் எப்படிக் கொடுப்பது?

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் சில விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும், சில 978 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பேசுகின்றன. ஒன்றில் பேசுவது மற்றொன்றில் கேட்காது. தரை நிலையம்தான் நடுவில் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். நிலையம் இல்லாத இடத்தில் அந்த உதவி கிடைக்காது.

நிலையம் இருந்தால் மட்டும் போதுமா? 2019 மே 13-ந் தேதி, அலாஸ்காவின் கெச்சிக்கன் அருகே, சுற்றுலாப் பயணிகளுடன் வந்த இரண்டு மிதவை விமானங்கள் சுமார் 3,350 அடி உயரத்தில் மோதின. 6 பேர் இறந்தனர். 10 பேர் உயிர் தப்பினர். இரண்டிலும் மற்ற விமானங்களைக் காட்டும் வசதி இருந்தது! பிறகு ஏன் மோதின?

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. பெரிய விமானத்தின் கருவி தன் உயரத்தைச் சொல்லவில்லை. அதற்கான பகுதி அணைந்திருந்தது. அதனால் சின்ன விமானத்தில் எச்சரிக்கை வரவில்லை. பெரிய விமானத்தின் கருவியைப் புதுப்பித்தபோது, அதிலிருந்த எச்சரிக்கை வசதியே போய்விட்டது. அதன் விமானி, மோதலுக்குச் சுமார் 4 நிமிடம் முன்புதான் கடைசியாகத் திரையைப் பார்த்திருந்தார்.

2020 ஜனவரி 1 முதல், நெரிசலான வான்பகுதிகளில் பறக்கும் விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிப்பதை அமெரிக்கா கட்டாயமாக்கியது. மற்றவர் அறிவிப்பைக் கேட்கும் கருவியை அப்போது கட்டாயமாக்கவில்லை. 2025 ஜனவரி 29-ல் வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். அந்த ஹெலிகாப்டர் ஏ.டி.எஸ்.-பி. செய்தி அனுப்பவில்லை. "எல்லோரும் சொல்ல வேண்டும், எல்லோரும் கேட்கவும் வேண்டும்" என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது.

கருவிக்குச் செலவாகும் என்று சிறு விமான உரிமையாளர்கள் தயங்குவதிலும் நியாயம் உண்டு. ஆனால், ஒரு விமானம் பேசாமல் இருந்தாலும், அதன் எதிரே வருபவருக்கும் ஆபத்துதான். மலை உச்சியில் நிலையம் கட்டுவதைப் போலவே, எல்லா விமானங்களையும் பேச வைப்பதும் முக்கியம், இல்லையா குட்டீஸ்?