முட்டுக்கட்டைக்கு ஒரு நல்ல வார்த்தை

நாகப்பட்டினம் கடற்கரையில் ஃபைபர் படகை டிராக்டர் மணலில் இழுத்து மேலேற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு மயக்கம் ஏற்படுவது இயல்பு. காலே புதையும் மணலில் இத்தனை எளிதாக இழுக்கும் வண்டி, தார்ச்சாலையில் எதைத்தான் இழுக்காது? படகை ட்ரெய்லரில் ஏற்றி ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும்போது எழும் கேள்வியும் இந்த மயக்கத்திலிருந்தே பிறக்கிறது. “வண்டி இழுக்குமா?” என்கிறார்கள். இழுக்கும். ஏறக்குறைய எந்த வண்டியும் எதையும் இழுத்துவிடும். நிற்குமா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

மணலில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே மணலே பிரேக். டிராக்டர் நின்ற கணத்தில் படகும் நின்றுவிடும். கட்டுமரக் காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. கயிற்றை அவிழ்த்தால் கட்டுமரம் தனித்தனி மரங்களாகிவிடும், தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றைப் பிரித்துத் தூக்க முடியாது. சக்கரத்தின் மேல்தான் ஏற்றியாக வேண்டும்.

சாலைக்கு வந்ததும் கணக்கு மாறுகிறது. படகைவிட நெல்லை வைத்துச் சொன்னால் நம் பக்கத்தில் எளிதாக விளங்கும். கொள்முதல் நிலையத்து மூட்டை ஒன்று 40 கிலோ. ட்ரெய்லரில் 200 மூட்டை ஏறினால் 8 டன். இழுக்கிற டிராக்டரோ ஏறத்தாழ 2 டன். பெரும்பாலான ட்ரெய்லர்களுக்குச் சொந்தமாக பிரேக் இல்லை. ஆக, 2 டன் வண்டியின் பின்சக்கர பிரேக் 10 டன்னை நிறுத்தவேண்டும். வேகம் இருமடங்கானால் நிறுத்துவதற்கு வேண்டிய வேலை நான்கு மடங்காகிறது. டிராக்டரில் மிதமாகப் போகிறவர்கள் பிழைத்துக்கொள்வதற்கும், பிக்கப் வண்டியில் மாட்டிக்கொண்டு விரைகிறவர்கள் மாட்டிக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

தஞ்சைத் தரணி சமதரைதானே, இறக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, இவற்றிலிருந்து பிரியும் எண்ணற்ற வாய்க்கால்கள். கரையேறிப் பாலம் கடந்து கரையிறங்காமல் இங்கே எந்த ஊருக்கும் போய்ச் சேர முடியாது. மேடில்லாத நாட்டை ஆறுகள் மேடாக்கி வைத்திருக்கின்றன. பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் திணறுவது எல்லோர் காதிலும் விழும். இறக்கத்தில் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளுவது ஓட்டுகிறவருக்கு மட்டுமே தெரியும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் சற்றே திரும்பியிருந்தால், தள்ளுகிற சுமை முன்வண்டியைக் குறுக்காகத் திருப்பிவிடும்.

எடையைப் போலவே அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். இதை நம் மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டே சொற்களில் முடித்துவிட்டார்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாடு நின்றுவிடும். கொக்கி மாடல்ல, புகார் சொல்லாது. பாரம் பின்னால் மிகுந்த ட்ரெய்லர், வேகம் கூடியதும் பாம்புபோல இடவலமாக நெளியத் தொடங்கும். எஞ்சினைப் பின்னால் மாட்டியபடி, வலையையும் ஐஸ்பெட்டியையும் அங்கேயே போட்டு ஏற்றிய படகுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். ட்ரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு கொக்கியின்மேல் இறங்கவேண்டும் என்பது மேலைநாடுகளில் படகு இழுப்பவர்களின் கணக்கு. நம் சொல்லில் அளவான முன்பாரம், அவ்வளவுதான். அளவு மீறினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களில் இக்காட்சியைக் கண்டு சிரித்துவிட்டுப் போகிறோம். ஸ்டியரிங் முன்சக்கரத்தில் அல்லவா இருக்கிறது!

நிறுத்துவதைப் பற்றி நாம் ஏன் யோசிப்பதில்லை? மொழியிலேயே ஒரு சாய்வு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வள்ளுவர் வண்டியின் பாரத்தைப் பேசும்போது அச்சு முறிவதைச் சொல்கிறார்; தேரைப் பேசும்போது அச்சாணியைச் சொல்கிறார். இரண்டும் வண்டி ஓடுவதைப் பற்றிய கவலைகள். ஓடும் வண்டி நிற்கவேண்டும் என்ற கவலைக்கு நம்மிடம் இருந்த அழகான சொல் முட்டுக்கட்டை. அதை வசைச் சொல்லாக்கிவிட்டோம். “வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள்” என்று எழுதாத பத்திரிகை உண்டா?

திருவாரூரில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அலங்கரித்து நிற்கையில் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படும் ஆழித்தேரை ஆயிரக்கணக்கானவர்கள் வடம்பிடித்து இழுக்கிறார்கள். பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. வடம் தொட்ட புண்ணியம் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனால் தேரை நிறுத்துகிறவர்கள், வீதி முனையில் திருப்புகிறவர்கள், சுழலும் சக்கரத்தின் காலடியில் குனிந்து முட்டுக்கட்டை போடும் சிலர்தான். ஒரு கணம் பிசகினால் கை போகும். அவர்களை யாரும் படமெடுப்பதில்லை.

ஓடாமல் நின்றிருந்த அத்தேர் 1970இல் மீண்டும் ஓடியது. பின்னர் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சுகளையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் பொருத்தியது. முன்பு நிலைக்குத் திரும்ப நாட்கணக்கில் எடுத்துக்கொண்ட தேர், இப்போது ஒரே நாளில் வந்துவிடுகிறது. புல்டோசருக்கு அதில் பங்குண்டு. ஆனால் நிறுத்த முடியும் என்ற உறுதி இல்லாமல் அத்தனை எடையைப் பின்னாலிருந்து தள்ள யாருக்குத் துணிவு வரும்?

இழுக்குமா என்று பார்க்கக் கண் போதும்; நிற்குமா என்று பார்க்க எடைமேடை வேண்டும். சர்க்கரை ஆலைகளிலும் பெரிய அரிசி ஆலைகளிலும் அது உண்டு. படகோடு ட்ரெய்லரைத் தனியாக நிறுத்துப் பாருங்கள், பிறகு வண்டியை. ட்ரெய்லர் வண்டியைவிடக் கனமாக இருந்து, அதற்குச் சொந்த பிரேக்கும் இல்லையென்றால், எஞ்சின் எத்தனை குதிரைசக்தி என்று கேட்கவே வேண்டாம். வேறு வண்டி பார்க்கவேண்டும், இல்லையேல் ட்ரெய்லருக்கு பிரேக் வைக்கவேண்டும். பிரேக் வைத்த ட்ரெய்லருக்கு விலை கூடுதல். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓட்டுநரால் அதை வாங்க முடியாது. அச்செலவு படகுக்காரருடையது, நெல்லுக்காரருடையது. அதை அவர்கள் ஏற்காதவரை, வெட்டாற்றுப் பால இறக்கத்தில் அந்தச் சுமையை ஓட்டுநரின் ஒற்றைக் கால்தான் தாங்கிக்கொண்டிருக்கும்.