கடை சாத்தும் நேரம்



காலை மக்தபில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஓதுகிறான். குர்ஆன் பாடம் முடிந்தபின் அன்றாட ஒழுக்கங்களில் ஒன்றைச் சொல்லிக் கொடுப்பது எங்கள் வழக்கம். தாய் தந்தையரைக் காணும்போது முந்திக்கொண்டு ஸலாம் சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் கற்பித்தேன். அவன் எழுந்து நின்று, "ஹஜ்ரத், அத்தா வரும்போது நான் தூங்கியிருப்பேன். நான் இங்கே வரும்போது அத்தா தூங்கிட்டு இருப்பாங்க. எப்போ ஸலாம் சொல்றது?" என்று கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "வெள்ளிக்கிழமை சொல்லு" என்று கூறி அவனை அமர வைத்தேன்.

அவனுடைய தந்தை துபாயிலோ கோலாலம்பூரிலோ இல்லை. எங்கள் கடைவீதியில், பள்ளிவாசலின் பாங்கோசை ஒலிபெருக்கி இல்லாமலேயே எட்டும் தூரத்தில், ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். காலை ஒன்பதரைக்குத் திறந்து இரவு பத்தரைக்குச் சாத்துகிறார். கணக்குப் பார்த்து வீடு சேர்ந்து, உண்டு, படுக்கையில் சாய நள்ளிரவு தாண்டிவிடுகிறது. ஃபஜ்ருக்கு எழ முடியவில்லையே என்று என்னிடமே பலமுறை வருந்தியிருக்கிறார். நல்ல மனிதர். ஸகாத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பவர். பத்தாண்டுகளுக்கு முன் ஊர் மைதானத்தில் கைப்பந்து விளையாடியவர், இன்று முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். பள்ளிவாசலின் பின்வரிசையில் நாற்காலிகள் பெருகிவருவதை வாசகர்களும் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் அவை எழுபது வயதுப் பெரியவர்களுக்கு உரியவையாக இருந்தன. இப்போது நாற்பதைத் தாண்டாதவர்களும் அவற்றை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

நம் சமுதாயத்தில் உழைப்புக்குப் பெரும் மரியாதை உண்டு. ஹலாலான சம்பாத்தியம் கடமை என்று மிம்பர்களில் சொல்கிறோம், அது உண்மையும்கூட. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி, பதினான்கு மணி நேரம் கடையில் நிற்பவரே சிறந்த குடும்பத் தலைவர் என்ற எண்ணத்தையும் வளர்த்துவிட்டோம். "ராப்பகலாக உழைக்கிறார்" என்பதை நாம் புகழ்ச்சியாகவே சொல்கிறோம். இரவு ஓய்வுக்கு, பகல் வாழ்வாதாரம் தேடுவதற்கு என்று அல்லாஹ் பிரித்துத் தந்திருப்பதை அன்றாடம் ஓதுபவர்கள், ராவையும் பகலையும் ஒன்றாகக் கலந்ததைப் புகழ்வது எப்படி என்று நாம் யோசிப்பதில்லை.

இது உடலுக்கு என்ன செய்கிறது என்பதைப் பலரும் ஆராய்ந்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட, பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம் என்று அது கண்டறிந்தது. 2016ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு உலகெங்கும் இறந்தவர்கள் ஏறத்தாழ 7,45,000 பேர். நமது கடைக்காரரின் கணக்கைப் பாருங்கள்: நாளுக்கு 13 மணி, வாரத்தில் ஏழு நாள். 91 மணி நேரம்! நாராயண மூர்த்தி 2023இல் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னபோது நாடே விவாதித்தது. நம் கடைவீதியோ அந்த எண்ணிக்கையை எப்போதோ தாண்டிவிட்டது, யாரும் விவாதிக்கவில்லை.

எடை கூடுவதற்கும் இதுவே வழி திறக்கிறது. "கடையில் நின்றுகொண்டேதானே இருக்கிறேன், எப்படித் தொப்பை வந்தது?" என்று பலர் கேட்கிறார்கள். நிற்பது நடப்பதாகாது. மேலும், சோர்வைப் போக்கத் தேநீர் வருகிறது. ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் ஏறக்குறைய எட்டு கிராம். நாளுக்கு ஏழு தேநீர் அருந்துபவர் ஐம்பத்தாறு கிராம் சர்க்கரையைத் தேநீரிலேயே விழுங்கிவிடுகிறார். ஒரு நாளில் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கூடவே வரும் வடையையும் சமோசாவையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு இரவு பதினொன்றரைக்குப் பரோட்டாவும் சால்னாவும். அதன்பின் உடனே படுக்கை.

உறக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதும் நிறுவப்பட்ட ஒன்று. 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், இளைஞர்களை இரண்டு இரவுகள் தலா நான்கு மணி நேரம் மட்டுமே உறங்க வைத்தார்கள். நீண்ட நேரம் உறங்கிய இரவுகளோடு ஒப்பிட, வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிவழியை மேடையில் கேட்டுத் தலையசைக்கிறோம். தூங்காத உடல் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட மறுக்கிறது. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80ஐயும் தாண்டினால் எச்சரிக்கை என்கிறார்கள் மருத்துவர்கள். நம் வீடுகளில் அந்த அளவுநாடாவை எடுப்பவர் தையற்காரர் மட்டும்தான்.

பெண்களைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணவர் வந்தபின்தான் உண்பேன் என்று பதினொன்றரை வரை காத்திருந்து, பாத்திரம் கழுவிப் படுத்து, ஃபஜ்ருக்கு எழுந்து பிள்ளைகளைக் கிளப்பும் பெண்மணிக்கு எத்தனை மணி நேர வேலை? அவருடைய வேலைக்கு ஷட்டரே கிடையாது.

ஸல்மான் (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகிய இரு நபித்தோழர்களின் நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஸல்மான் (ரலி) தம் சகோதரரின் இல்லத்துக்குச் சென்றபோது, அவருடைய துணைவியார் தம்மைப் பேணாத தோற்றத்தில் இருப்பதைக் கண்டார்கள். காரணம் கேட்டபோது, உங்கள் சகோதரருக்கு இவ்வுலகில் நாட்டம் இல்லை என்ற கருத்தில் அந்த அம்மையார் பதில் கூறினார்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம். ஸல்மான் (ரலி) அவரை நோன்பை விடச் செய்து தம்முடன் உண்ண வைத்தார்கள். இரவில் எழ முனைந்தபோதெல்லாம் உறங்கச் சொன்னார்கள். இறுதிப் பகுதியில்தான் இருவரும் எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுங்கள் என்ற அவருடைய பேச்சு உண்மையே என நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

இதை நான் இருபதாண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அந்தச் சிறுவன் கேட்ட பிறகுதான் அதன் கூர்மை என்மீது பாய்ந்தது. அங்கே உடலின் உரிமையையும் மனைவியின் உரிமையையும் விழுங்கிக்கொண்டிருந்தது தொழுகையும் நோன்பும். அவற்றுக்கே அந்த அனுமதி வழங்கப்படவில்லை. வளையலும் ரிப்பனும் விற்கும் கடைக்கு அதைவிடப் பெரிய அனுமதியை வழங்கியது யார்?

முதலாளிகளிடமும் ஒரு சொல். கடை உங்களுடையது, உங்கள் உடலை நீங்கள் வருத்திக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் வேலை பார்க்கும் பையனின் இரவு யாருடையது? தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸ் எல்லாருக்கும் மனப்பாடம். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களின் சக்திக்கு மீறியதைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்று அறிவுறுத்தும் ஹதீஸ் ஏனோ அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. ஃபிக்ஹ் நூல்களில் இஜாரா பாடத்தைப் படித்தவர்கள் அறிவார்கள்: நேரத்துக்காக அமர்த்தப்படும் வேலையாளின் கால அளவு ஒப்பந்தத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும். "கடை சாத்தும் வரை" என்பது கால அளவு ஆகாது. நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்து, வார விடுமுறையையும் கட்டாயமாக்கியிருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழகச் சட்டமன்றம் தனியாக ஒரு திருத்தம் கொண்டுவர நேர்ந்தது. அது நமக்குப் பெருமை தரும் செய்தியல்ல.

ரமளானில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டம் அம்மாதத்தில் தினசரி வேலை நேரத்தை இரண்டு மணி நேரம் குறைக்கிறது. நம் ஜவுளிக்கடைகளிலோ பெருநாள் வியாபாரம் என்று அது நள்ளிரவைத் தாண்டுகிறது. லைலத்துல் கத்ரைத் தேடச் சொல்லப்பட்ட இரவுகளில், நம் இளைஞர்கள் சட்டையின் அளவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளராக அங்கே நிற்பதும் நாம்தான்.

"ஹஜ்ரத்துக்குச் சொல்ல எளிது, வட்டி கட்டுவது நாங்கள்தானே" என்று சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வி. அன்றாடக் கூலியில் வாழ்பவரை நேரத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கடை வைத்திருக்கும் பலரிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறேன். அவர்களை இரவு பத்தரை வரை நிற்க வைப்பது பெரும்பாலும் சோற்றுச் செலவல்ல. மகளின் திருமணத்துக்கான நகை, சீர், ஆயிரம் பேருக்கு பிரியாணி. இல்லையேல் மாடிமேல் மாடியாக எழும்பும் வீடு. அந்த வீட்டில் கண் விழித்திருக்க அவருக்கு நேரமில்லை. ஒரே நாளில் முடியும் விருந்துக்காக எத்தனை ஆண்டுகளின் இரவுகளை அடகு வைக்கிறோம் என்பதை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்கலாம்.

பிறரைப் பேசும் எனக்கும் இதில் பங்குண்டு. ஃபஜ்ருக்குப் பின் மக்தப், பகலில் மத்ரஸா, அஸருக்குப் பின் மீண்டும் மக்தப், மக்ரிபுக்குப் பின் வீடு வீடாகச் சென்று ஓதிக் கொடுப்பது, இஷாவுக்குப் பின் பெரியவர்கள் வகுப்பு. தீன் பணி என்ற பெயர் இருந்ததால் இதையெல்லாம் நான் வேலை நேரமாகவே எண்ணவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இரவு உணவு எத்தனை மணிக்கு என்று மருத்துவர் கேட்டார். பத்தரை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்று மாலை என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்: "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓதிக் கொடுக்கிறீங்க. நம்ம மகன் இப்போ எந்த ஜுஸ்வு ஓதுறான், சொல்லுங்க பார்ப்போம்?" நான் சொன்ன பதில் தவறு. மூன்று ஜுஸ்வு பின்தங்கியிருந்தேன்.

வீட்டு வகுப்புகளில் இரண்டை விட்டேன். மாதம் நாலாயிரம் ரூபாய் குறைந்தது. குறைந்தது வலிக்கத்தான் செய்தது. பழைய வண்டியை மாற்றும் எண்ணம் இன்னும் எண்ணமாகவே இருக்கிறது. இஷாவுக்கு முன் உண்டுவிடுகிறேன். ஏழு கிலோ குறைந்திருக்கிறது. மகனுக்கு இப்போது நானே பாடம் கேட்கிறேன். பெரும்பாலான நாள்களில் அவன் அதை விரும்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிவாசலின் பிலாலுக்கோ இந்த வாய்ப்பும் இல்லை. அதிகாலை நாலரைக்கு விளக்கைப் போடுபவர், இரவு ஒன்பதரைக்குப் பூட்டுகிறார். அவருக்கு வார விடுமுறை என்று ஒன்றை ஜமாஅத் இதுவரை நினைத்ததில்லை.

ஒரு கடைக்காரர் மட்டும் சீக்கிரம் சாத்தினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பதே எல்லாரும் சொல்லும் அச்சம். இதற்கு விடை நம் கையிலேயே இருக்கிறது. ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் எங்கள் வீதியில் எல்லாக் கடைகளும் சாத்தப்படுகின்றன. அந்த ஒரு மணி நேரத்தில் எவருடைய வியாபாரமும் பக்கத்துக் கடைக்குப் போவதில்லை. பக்கத்துக் கடையும் பூட்டியிருக்கிறது. தனியாக முடியாதது ஒன்றாகச் செய்யும்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடக்கிறது. அதே போல இரவு ஒன்பதுக்கு எல்லாக் கடைகளும் சாத்துவது, வாரத்தில் ஒரு நாள் ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுமுறை, பிலாலுக்கும் ஒரு நாள் மாற்று ஆள் என்று ஜமாஅத்தே முன்னின்று வணிகர்களைக் கூட்டி முடிவு செய்யலாம். மருந்துக்கடைக்கு விலக்கு அளிக்கலாம். சிறிது இழப்பு இருக்கும். இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைக்குச் சட்டை எடுக்கப் பத்து மணிக்கு வருபவர், ஒன்பதுக்குச் சாத்திவிடுவார்கள் என்று தெரிந்தால் எட்டுக்கே வருவார்.

இதை ஒரு மனுவாக எழுதி ஜமாஅத் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு, "நல்ல யோசனை ஹஜ்ரத், கூட்டம் போட்டுப் பேசுவோம்" என்றார். வருகிற வியாழக்கிழமை இரவு பத்தே முக்காலுக்குக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் கடைக்காரர்கள் யாருக்கும் தோது இல்லையாம். அன்று ளுஹருக்குப் பின் சற்று நேரம் கைலூலா செய்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன்.