மச்சில் ஏறிய கரையான்

கேள்வி: “எங்களுடையது மாமனார் காலத்து ஓட்டு வீடு. நடுவீட்டில் பனை உத்திரம் போட்டுப் பலகை பாவிய மச்சு. விதைக் கம்பு, வத்தல் மூட்டை எல்லாம் அதில்தான் கிடக்கிறது. போன வாரம் மேலிருந்து மண் உதிர்ந்தது. அண்ணாந்து பார்த்தால் உத்திரத்தில் பென்சில் தடிமனுக்கு மண் கோடு. பருத்திக்கு அடித்த மருந்து அரை பாட்டில் மிச்சம் இருக்கிறது, அதையே அடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பிள்ளைகள் அதற்குக் கீழேதான் படுக்கிறார்கள்.”
- வாசகி, புதூர்

பதில்: அந்தப் பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம் அம்மா. மச்சில் அடிக்கும் மருந்து பலகை இடுக்கு வழியாகப் பாயிலும் வத்தல் மூட்டையிலும் இறங்கும். காட்டில் காற்றும் வெயிலும் உண்டு. மூடிய வீட்டில் பிள்ளைகள்தான் அதைச் சுவாசிப்பார்கள். சரி, அடித்தாலாவது பலன் உண்டா என்றால் அதுவும் இல்லை. மண் கோடு போட்டு வரும் கரையானுக்குக் குடியிருப்பு மண்ணுக்குள். மச்சுக்கு அது இரை எடுக்க வந்து போகிறது. மேலே நூறு செத்தால் கீழிருந்து ஆயிரம் வரும்.

இன்று ராத்திரியே பிள்ளைகளின் படுக்கையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மச்சில் இருக்கும் மூட்டைகளையும் இறக்கிவிடுங்கள். காரணம் இருக்கிறது. மற்ற மரங்களுக்கு வைரம் உள்ளே. பனைக்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. கரையான் சோற்றுப் பகுதியைத் தின்று முடிக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. கறுகறுவென்று கல்லுப் போலத் தெரியும் உத்திரம் உள்ளுக்குள் வெறும் கூடாக இருக்கலாம். திருப்புளியின் பிடியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போங்கள். ‘ணங்’ என்றால் பிழையில்லை. ‘பொத்’ என்ற இடத்தில் முனையால் குத்திப் பாருங்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் தலைப்பகுதியை விட்டுவிட வேண்டாம். ஈரம் தங்குவதும் கரையான் நுழைவதும் பெரும்பாலும் அங்கேதான். திருப்புளி அரை அங்குலம் சுலபமாக இறங்கினால், வேறு எந்த வேலைக்கும் முன்னால் உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

மேலிருந்து உதிர்வதெல்லாம் கரையான் வேலை இல்லை. மண் கோடே இல்லாமல் குண்டூசித் துளைகளிலிருந்து மாவு மாதிரி கொட்டினால் அது வண்டு. கசகசா போலக் கெட்டியான மணிகள் விழுந்தால் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் இன்னொரு கரையான். அதற்கு மண் தொடர்பு தேவையில்லை, வைத்தியமும் வேறு. உங்கள் வீட்டில் மண் கோடு இருப்பதால் சந்தேகம் இல்லை.

அந்தக் கோட்டைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். அதுதான் உங்களுக்கு வழிகாட்டி. ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் உடைத்து மூன்று நாள் பொறுங்கள். திரும்ப அடைத்திருந்தால் போக்குவரத்து நடக்கிறது என்று அர்த்தம். பிறகு கோட்டைப் பிடித்துக்கொண்டே கீழே வாருங்கள். பீரோவுக்குப் பின்னால், மின்குழாய் ஓரம், சுவர் வெடிப்பு என்று எங்கெங்கோ புகுந்து கடைசியில் தரைக்குத்தான் வரும். நம் கரிசலில் கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது, மழையில் உப்புகிறது. அதோடு சுவரும் விரிசல் விடுகிறது. கரையானுக்கு மறைவான பாதை போட்டுக் கொடுப்பது அந்த விரிசல்தான். போதாததற்கு நாம் அடுப்புக்கென்று பருத்திமாரைக் கொல்லைச் சுவரை ஒட்டி அடுக்கிவைக்கிறோம். கரையானுக்கு அது சமைத்து வைத்த பந்தி. விறகையும் தட்டைப் படப்பையும் சுவரை விட்டுத் தள்ளி, கல் பாவி அதன் மேல் அடுக்குங்கள். ஒழுகும் ஓட்டையும் உடனே மாற்றுங்கள். நனைந்த மரம் கரையானுக்குத் தண்ணீர்ப் பந்தல்.

மருந்து போவது மண்ணுக்குத்தான். கட்டடக் கரையானுக்கென்றே விற்கும் இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. பருத்திக்கு வாங்கும் 17.8 எஸ்.எல். வேறு, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளியே சுவரை ஒட்டி ஒரு சிறு வாய்க்கால் வெட்டி ஊற்றி மண்ணைத் தள்ளி மூடவும். உள்ளே சிமென்ட் தரையானால், சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வீதம் மெதுவாக இறக்கி, சிமென்டால் அடைக்க வேண்டும். நிலம் வெடித்துக் கிடக்கும்போது ஊற்றினால் மருந்து வெடிப்பு வழியே ஆழத்துக்கு ஓடிவிடும். வெடிப்பை மண் போட்டு நிரப்பிய பிறகு ஊற்றுங்கள். மழை பெய்யும் நாளிலும் வேண்டாம். கிணறோ தண்ணீர்த் தொட்டியோ பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் மருந்து ஊற்றவே கூடாது. கையுறை கட்டாயம். கையில் பழக்கம் இல்லையென்றால் இந்த வேலையை அதற்கென்று இருப்பவர்களிடம் விடுவதே நல்லது. எந்த மருந்து, என்ன அளவு என்று அவர்களிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

“அந்தக் காலத்து ஆல்டிரின் மாதிரி வருமா?” என்று பெரியவர்கள் சொல்வார்கள். வருஷக்கணக்கில் மண்ணிலும் உடம்பிலும் தங்கியதால்தான் 1996-இல் ஆல்டிரினைத் தடை செய்தார்கள். பழைய டப்பா யார் வீட்டுப் பரணிலாவது இருந்தாலும் வாங்காதீர்கள். மண்ணெண்ணெய், உப்புத் தண்ணீர், கழிவு ஆயில் எல்லாம் மேலே பட்ட பூச்சியைக் கொல்லும், அவ்வளவுதான். அடுப்புப் புகை ஏறும் மச்சில் ஆயில் பூசுவது தீயை விருந்துக்கு அழைப்பது போல.

கொல்லையில் மஞ்சள் பூசிக் கும்பிடும் புற்று இருந்தால் அதை இடிக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டைச் சுற்றி மண்ணில் மருந்து வேலி விழுந்தால் போதும்.

மருந்து ஊற்றி ஒரு மாதம் கழித்து, மச்சில் பழைய கோட்டை முழுக்கச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் சாக்கட்டியால் தேதி எழுதிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஏணி போட்டு ஒருமுறை பாருங்கள். புதுக் கோடு இல்லையென்றால் மூட்டைகளை மறுபடி ஏற்றலாம்.