பகலில் பரி, பின்னாளில் நரி?

எங்க ஊர் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போனவர். பகல்ல பரியா நின்னதெல்லாம் ராத்திரி நரியாகி ஓடின கதை உங்களுக்கே தெரியும். இப்ப எங்க பக்கம் ஜனங்க வாங்குறது சோலார் பேனல். 2024-ல் மத்திய அரசு வீட்டுக்கூரைக்கு ரூ.78,000 வரை மானியம்னு அறிவிச்சதுல இருந்து ஒரே பேச்சு. விக்க வர்றவங்ககிட்ட நாம கேக்குறது ரெண்டே கேள்வி: எத்தனை வாட்? என்ன விலை?

மூணாவதா ஒண்ணு கேக்கணும்ங்க: "ஜெல் எத்தனை சதவீதம்?"

பேனல்ல கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவுல பசை மாதிரி ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கு. பெரும்பாலும் இவிஏ. அப்படியே விட்டா 60-70 டிகிரியிலேயே இளகிடும். மதுரை சித்திரை வெயில்ல மொட்டைமாடிப் பேனல் அந்தச் சூட்டைத் தொட்டுடும். அதனாலதான் ஆலையில் 150 டிகிரி அளவுல வேகவைத்து, மூலக்கூறு இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிடுகிறார்கள். பின்னிய வலை உருகாது, கரையாது.

ஆனா வெந்ததா, அரைவேக்காடான்னு பார்த்தா தெரியாது. ரெண்டும் பளபளன்னுதான் இருக்கும். அதுக்குத்தான் ஆய்வகச் சோதனை. படலத்தில் ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, கம்பிவலைக் கூட்டில் வைத்து, கொதிக்கும் சைலீனில் மணிக்கணக்கில் போடுவார்கள். பின்னாத பகுதி கரைந்துவிடும். மிச்சத்தை உலர்த்தி மறுபடி எடை. 1 கிராமில் 0.8 கிராம் நின்றால் ஜெல் 80 சதவீதம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், அவ்வளவுதான் :-)

பதம் தப்பினா? வாங்கின அன்னைக்கு ஒண்ணும் ஆகாது. சில வருஷத்துல படலம் நழுவும், உரியும், ஈரம் உள்ளே போகும், மின்சாரம் குறையும். வாரண்டி 25 வருஷம்னு அட்டையில இருக்கும், சரி. ஆனா அதைத் தூக்கிக்கிட்டு யார் அலையறது?

"அதான் பிஐஎஸ் முத்திரை இருக்கே" என்பீர்கள். அது மாதிரிக்குக் கொடுத்த பேனல்கள் பாஸானதுக்கு. வேகவைக்கிறது தினமும் நடக்குற வேலை. அடுப்பு ஒரு நாள் சூடு குறைஞ்சா முத்திரைக்கு எப்படித் தெரியும்?

நல்ல ஆலைகள் இந்தச் சோதனையைத் தங்களுக்காகச் செய்யத்தான் செய்கின்றன. எண் அவர்களிடம் இருக்கிறது. பேனலின் வரிசை எண்ணோடு அந்த ஒரு எண்ணையும் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? மானியம் கொடுக்கிற அரசு இதைக் கட்டாயமாக்கட்டும். அதுவரைக்கும் நாமளாவது கேட்போமே. பத்துப் பேர் கேட்டா, பதினோராவது ஆளுக்கு அவங்களே எடுத்துட்டு வருவாங்க.

என்ன சொல்றீங்க?