மோகனூர் வட்டாரச் சிறுதொழில் நடத்துவோரின் கொள்கைப் பிரகடனம்

மோகனூர், வளையப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை, தீவன மில், லாரி பாடி பட்டறை நடத்துகிற நாங்கள், ஆள் எடுக்கும் முறையை மாற்ற இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். இது முதலாளிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு.

‘பண்ணைக்கு ஜோடி ஆட்கள் தேவை.’ இந்த வட்டாரத்தில் வேலை விளம்பரம் என்றால் இந்த ஒரு வரிதான். ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டால் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ புருஷன் பெண்டாட்டி வந்து இறங்குவார்கள். கூண்டு வரிசையில் குனிந்து முட்டை பொறுக்கி, முப்பது முப்பதாகத் தட்டில் அடுக்குவது அந்தப் பெண். சம்பளம் ஜோடிக்குச் சேர்த்து, அவள் புருஷன் கையில். அவள் பெயர் சம்பள நோட்டில்கூட ஏறாது. ஒரே வேலைக்கு ஒரே கூலி, ஆள் எடுப்பதிலும் ஆண் பெண் பேதம் கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. இனி எங்களிடம் ஜோடிக் கணக்கு இல்லை. இரண்டு பேர், இரண்டு நியமனக் கடிதம், இரண்டு வங்கிக் கணக்கு.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கிறோம், எங்களுக்குப் பொருந்தாது என்று வக்கீலைப் பிடித்து நழுவ மாட்டோம். ஒருவர் இருந்தாலும் கடிதம் உண்டு. அவர் படிக்கிற மொழியில்.

ஆள் தேடுவதற்கு முன்பே வேலை என்ன, எத்தனை மணி நேரம், கூலி எவ்வளவு, வார விடுமுறை எது என்று எழுதி வைப்போம். அதை நாமக்கல் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் அனுப்புவோம், ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுவோம். ஏஜென்ட் கமிஷன் எங்கள் செலவு. வேலை பார்த்துக் காட்டச் சொன்னால் அந்த நாளுக்கும் கூலி.

நேர்காணலில் ‘எந்த ஊருங்க, யாரு வூட்டுப் பையன்?’ என்று கேட்பது இங்கே மரியாதை மாதிரி இருக்கும். எதை அறியக் கேட்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பாகுபாடு கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு அரசு வேலைக்குத்தான். அதை எங்கள் பட்டறைக்கும் நாங்களாகவே வைத்துக்கொள்கிறோம். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்ற கேள்விகளும் கிடையாது.

முன்பணம்தான் பெரிய சிக்கல். கரும்பு வெட்டு ஆட்களுக்கும் செங்கல் சூளைக்கும் பழகிய வழக்கம் அது. அவசரத்துக்குக் கடன் கொடுப்பது தவறல்ல. ‘கடன் தீரும்வரை போகக் கூடாது’ என்ற அடுத்த நிமிடமே அது கொத்தடிமை. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மூன்றாண்டுவரை சிறை, அந்தக் கடனும் செல்லாது. முன்பணம் கொடுத்தால் ரசீதோடு கொடுப்போம். போகிறவரைத் தடுக்க மாட்டோம்.

தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடம் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னையில் எழுதுகிற விதி அவர் ஊருக்கு வந்து சேர இவ்வளவு காலமா என்று எங்களுக்கே கூச்சம்தான்.

இதில் கையெழுத்திட வருகிறவர், தன் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் வேலையாட்களின் ஆதார் அட்டைகளை உரியவர்களிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும்.