நம் தட்டில் இருப்பதை யார் ஆராய்வது?



ஒவ்வோர் ஆண்டும் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வந்துவிட்டால் நம் சமுதாயத்தில் ஒரே பேச்சுதான். மெட்ரிகுலேஷனில் நமக்கு எத்தனை இடம்? மருத்துவத் துறைக்கு எத்தனை பேர் போனார்கள்? யாருக்குக் கிடைக்கவில்லை? இவை நியாயமான கேள்விகள். தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கேள்விகள்.

ஆனால், எப்படியோ போராடி இளங்கலைப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று யாராவது கேட்கிறோமா? முதுகலைக்கு மனு செய்தார்களா, செய்யவில்லை என்றால் ஏன் செய்யவில்லை என்று விசாரிக்கிறோமா? இல்லை. பட்டமளிப்பு விழாவில் படம் எடுத்ததோடு நம் கவலை முடிந்துவிடுகிறது. அப்படி நாம் கவனிக்காமல் விட்ட துறைகளில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அது ஊட்டச்சத்துத் துறை.

ஏன் அந்தத் துறை? காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இன வாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களுக்கு. கல்வியிலும் பொருளாதாரத்திலும் கிடைக்காத முதலிடம் இதில் கிடைத்திருக்கிறது! புதிதாக டயலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டதற்குக் காரணமும் இதே இனிப்பு நீர்தான். வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் மையத்துக்குப் போகும் அப்பாவை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நோய் நம்முடையது. அதை ஆராய்கிற கேள்விகளும் நம்மிடமிருந்து வர வேண்டாமா?

உணவு ஆய்வு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். கடந்த 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆய்வாளர் கேட்பார். எத்தனை அகப்பை சோறு, எந்த அளவு கிண்ணம் என்று குறித்துக்கொள்வார். நம் பாட்டி என்ன சொல்வார்? “கொஞ்சம் சோறு, கொஞ்சம் சாம்பார்” என்பார். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதும், காலையில் குடித்த தேநீரில் டின் பால் எத்தனை கரண்டி என்பதும், வெள்ளிக்கிழமை விரதம் முடித்து இரவில் எவ்வளவு சாப்பிடுவார் என்பதும் அந்த வீட்டுச் சமையலறையைத் தெரிந்தவருக்குத்தான் சட்டென்று கேட்கத் தோன்றும். கேட்காத கேள்விக்குப் புள்ளிவிவரம் கிடையாது. புள்ளிவிவரம் இல்லாத இடத்தில் கொள்கையும் கிடையாது.

ஆராய்ச்சியால் என்ன மாறும் என்று சிலர் கேட்கலாம். ஓர் உதாரணம். உடல் எடைக்கான உலக அளவுகோலில் பிஎம்ஐ 25ஐத் தாண்டினால்தான் அதிக எடை. ஆனால் ஆசியர்களுக்கு அதற்குக் குறைந்த எடையிலேயே இனிப்பு நீரும் இருதய நோயும் வருகின்றன என்று பல ஆசிய நாடுகளின் தரவுகள் காட்டின. 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்கள் 23லேயே கவனமாக இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஆய்வாளர்கள் அளந்து, எழுதி, வெளியிட்டதால் வந்த மாற்றம் இது.

சரி, எங்கே படிப்பது? செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் புலம், கிளந்தான் குபாங் கெரியானில் அறிவியல் பல்கலைக்கழகம், கோத்தா கினபாலுவில் சபா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இத்துறை இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்களும் உண்டு. கட்டணம் அங்கே பல மடங்கு.

இங்கே நம் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இளங்கலைக்கு யூபியு வழியாகப் போக வேண்டும். முதுகலைக்கு அப்படியில்லை; ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நேரடியாக மனு செய்யலாம். மெட்ரிகுலேஷனா எஸ்டிபிஎம்மா என்ற பழைய கதை இங்கே எடுபடாது. உங்கள் பட்டம், உங்கள் மதிப்பெண், உங்கள் ஆய்வுத் திட்டம், உங்களை ஏற்கும் மேற்பார்வையாளர் ஆகியவைதான் கணக்கு. தடையே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தட்டாத கதவு திறக்கவில்லை என்று குறைகூற நமக்கு உரிமையில்லை.

மனு செய்ய நினைக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை:

முதலில், எந்த வகைப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள். ஆராய்ச்சி வழி, பாட வழி, இரண்டும் கலந்தது என மூன்று உண்டு. ஆராய்ச்சி வழிக்குச் சிஜிபிஏ 2.75 என்று பல இடங்களில் எதிர்பார்ப்பார்கள். அதற்குக் கீழே இருந்தாலும் மனம் தளர வேண்டாம். 2.50க்கு மேல் இருப்பவர்களையும், துறையில் வேலை அனுபவம் உள்ளவர்களையும் தனியாகப் பரிசீலிக்க வழி இருக்கிறது.

இரண்டாவது, மேற்பார்வையாளரைத் தேடுங்கள். பல்கலைக்கழக அகப்பக்கத்தில் விரிவுரையாளர்களின் ஆய்வுத் துறைகள் இருக்கும். அவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, உங்கள் யோசனையை அரைப் பக்கத்தில் மின்னஞ்சல் செய்யுங்கள். இரவு ஷிஃப்ட் தொழிற்சாலைப் பெண்களின் உணவு, தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலை, விரத நாளில் இனிப்பு நீர் மாத்திரை என்று நம்மைச் சுற்றியே நூறு ஆய்வுகள் கிடக்கின்றன. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மீண்டும் எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, பணம். மேற்பார்வையாளரிடம் ஆய்வு மானியம் இருந்தால் ஆய்வு உதவியாளராக மாதப் படி கிடைக்கலாம். முதல் மின்னஞ்சலில் இல்லாவிட்டாலும் இரண்டாவதில் கேட்டுவிடுங்கள். பெற்றோரின் ஊழியர் சேமநிதியிலிருந்தும் பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்கலாம். பழைய இரண்டாம் கணக்குக்கு 2024 மே மாதத்திலிருந்து செஜாதெரா கணக்கு என்று பெயர். ஆனால் அது அம்மா அப்பாவின் முதுமைக்கான பணம். மற்ற வழிகளையெல்லாம் பார்த்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

நான்காவது, ஏமாறாதீர்கள். ஊட்டச்சத்து நிபுணர் வேறு, மருத்துவமனையில் நோயாளிக்கு உணவு முறை வகுத்துத் தரும் டயட்டீஷியன் வேறு. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர்கள் சட்டம் இரண்டையும் தனித்தனித் தொழிலாகவே பட்டியலிடுகிறது. ஊட்டச்சத்தில் முதுகலை முடித்தால் தானாக டயட்டீஷியன் ஆகிவிட முடியாது; அதற்கு அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். சேருவதற்கு முன் அந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தாமான் தோறும் சத்துமாவு டின் விற்றுக்கொண்டு ‘நியூட்ரிஷன் ஆலோசகர்’ என்று அட்டை கொடுக்கிறவர்களின் வரிசையில் நம் பிள்ளைகளும் சேர்ந்துவிடக் கூடாது.

ஐந்தாவது, மனுவின் நகல், மின்னஞ்சல், கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இடம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்து மூலமாகக் கேளுங்கள். கையில் ஆதாரம் இருந்தால்தான் உரிமையைப் பற்றிப் பேச முடியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. “டிகிரி முடித்தாயிற்று, இன்னும் என்ன படிப்பு? வேலைக்குப் போ” என்று சொல்வது உங்கள் கஷ்டத்தால் வருகிறது. வீட்டுக் கடனும் மோட்டார் சைக்கிள் தவணையும் காத்திருக்காது என்பது தெரியும். பகுதி நேரமாகவும் படிக்கலாம். பெண் பிள்ளை என்றால் “கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்பீர்கள். அந்தப் ‘பிறகு’ பலருக்கு வந்ததே இல்லை.

தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்குப் போய், சோறும் தேநீரும் குடித்து, நாள் முழுக்க உடம்பால் உழைத்த தலைமுறை நம் முன்னோர். இன்று ஃபிளாட்டில் வாழ்கிறோம், காவல் கூண்டிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறோம். உழைப்பு மாறிவிட்டது, அகப்பையின் அளவு மாறவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் தட்டுப் படத்தைக் காட்டி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்கிறார்கள். நல்ல அறிவுரைதான். அதை நம் பாட்டியின் மொழியில், நம் வீட்டுச் சம்பளத்துக்குள் சொல்லித்தர ஆள் வேண்டும். அந்தப் படம் நமக்கு எடுபடுகிறதா என்று ஆராய்ந்து அமைச்சிடம் சொல்லவும் ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஒருவேளை உங்கள் வீட்டிலேயே பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, ஏதோ ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கலாம். முதுகலைச் சேர்க்கை பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. இந்த முறை மனு செய்யச் சொல்லுங்கள்.