பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

பெயிண்ட்பால் துப்பாக்கிக்கு மின்னணு லோடர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் ‘விநாடிக்கு 30 குண்டுகள்’ என்று இருந்தால், சேமித்த ரிங்கிட்டை உடனே நீட்டாதீர்கள். முதலில் ஒரு கணக்குப் போடுவோம்.

குண்டின் விட்டம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். புவியீர்ப்பால் அவ்வளவு தூரம் விழ 0.06 விநாடி போதும். பல போட்டிகளின் விதிகள் விநாடிக்குச் சுமார் 10 குண்டுகளையே அனுமதிக்கின்றன. அதாவது ஒரு குண்டுக்கு 0.1 விநாடி கிடைக்கிறது.

அப்படியானால் மோட்டார் எதற்கு? புனலில் கொட்டிய கொண்டைக்கடலை கழுத்தில் அடைத்துக்கொள்ளும் அல்லவா? குண்டுகளும் அப்படித்தான் லோடரின் வாயில் ஒன்றையொன்று முட்டி நின்றுவிடும். அந்த அடைப்பை நீக்குவதே மோட்டாரின் முக்கிய வேலை.

குண்டின் உறை ஜெலட்டினால் ஆனது. நம் நாட்டு ஈரக்காற்றில் அது உப்பி இளகும். மோட்டார் முரட்டுத்தனமாகத் தள்ளினால் குண்டு உள்ளேயே உடையும். சாயம் வழிந்து குறி தவறும்.

ஆகவே, குழாய் நிறைந்ததும் தானாக நிற்கும் லோடரை, எளிதில் கழற்றித் துடைக்கக்கூடிய லோடரைத் தேர்ந்தெடுங்கள். இங்கே வேகத்தைவிட மென்மைக்கே மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.